துருப்பிடித்த குண்டின் ஜாதகம்

தந்திரமும் துணிச்சலும் மிகுந்த ஒருவனைப் பற்றிப் பேசும்போது, "அவன் சரியான எம்டன்!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்.

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பிறகு கப்பல் இருளில் மறைந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளுக்கு அருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதன் ஆட்டத்தை முடித்துவைத்தது. எம்டன் தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிற்சுவரில் இருக்கிறது. அக்கப்பல் வீசிய குண்டின் சிதறல்களையும் சென்னையில் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் அத்தகைய இரும்புத் துண்டை நாம் அரை நிமிடம் பார்ப்போம், நகர்ந்துவிடுவோம். ஆனால் அதே துண்டின் முன்னால் அரை மணி நேரம் நிற்கக்கூடியவர்களும் உண்டு. "இது எந்த அளவுள்ள பீரங்கியிலிருந்து வந்தது? எந்த நாட்டில் வார்த்தது? சுட்ட குண்டா, சுடாத குண்டா?" என்றெல்லாம் கேட்டு, அந்த இரும்பிலிருந்தே விடை வாங்கிவிடுவார்கள். தபால்தலைகளையும் நாணயங்களையும் சேகரிப்பது போல, வெடிமருந்து நீக்கப்பட்ட போர்க்காலக் குண்டுகளையும் அவற்றின் பாகங்களையும் சேகரித்து இனம் காண்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுநாளாக உள்ள ஒரு பொழுதுபோக்கு. அதில் வரலாறும் விஞ்ஞானமும் கலந்திருக்கின்றன. ஆபத்தும் கலந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்தே பார்ப்போம்.

துண்டிலிருந்து பீரங்கி வரை

முதலில் ஒரு சிறு கணக்கு. குண்டு வெடித்துச் சிதறிய பிறகு, ஒரு துண்டு மட்டுமே கிடைத்தால் அதன் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? குண்டின் உடல் உருளை வடிவம். எனவே துண்டின் வெளிப்பரப்பு ஒரு வட்டத்தின் வில். வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நாணின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நாணின் நடுவிலிருந்து வில் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் வட்டத்தின் ஆரம் கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, நாண் 6 செ.மீ., உயரம் 0.94 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 36ஐ 7.52ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.79. அதனுடன் 0.47 கூட்டினால் 5.26. இது ஆரம். விட்டம் சுமார் 10.5 செ.மீ. எம்டன் கப்பலில் இருந்த பத்துப் பெரிய பீரங்கிகளின் வாய் விட்டமும் 10.5 செ.மீ.தான்! பள்ளியில் படிக்கும் வட்டக் கணக்கு இப்படியும் பயன்படுகிறது.

இரும்பு அறுவடை

இந்தப் பொழுதுபோக்குக்கு வேண்டிய 'சரக்கு' பெரும்பாலும் வருவது முதல் உலகப் போர் நடந்த நிலங்களிலிருந்து. 1914 முதல் 1918 வரை, பெல்ஜியத்தின் கடற்கரையிலிருந்து பிரான்சு வழியாக ஸ்விட்சர்லாந்து எல்லை வரை பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டு இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. 1916இல் சோம் நதிப் போர் தொடங்குமுன் ஆங்கிலேயர்கள் ஒரு வாரம் இடைவிடாமல் பீரங்கியால் தாக்கினார்கள். அந்த ஒரு வாரத்தில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. அவை எல்லாம் வெடித்துவிட்டனவா? இல்லை. நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வெடிக்காமல் மண்ணில் புதைந்தன என்று மதிப்பிடுகிறார்கள்.

காரணங்கள் பல. 1915இல் பிரிட்டனில் குண்டுப் பஞ்சம் பெரிய அரசியல் நெருக்கடியாக வெடித்தது. அதைத் தீர்க்க லாயிட் ஜார்ஜின் பொறுப்பில் தனி அமைச்சகமே ஏற்படுத்தினார்கள். அனுபவம் இல்லாத தொழிற்சாலைகள் இரவு பகலாகக் குண்டுகளை வார்த்துத் தள்ளின. லட்சக்கணக்கான பெண்கள் வெடிமருந்து ஆலைகளில் வேலைக்கு வந்தார்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாக மாறியதால் அவர்களைக் 'கானரிக் குருவிகள்' என்று அழைத்தார்கள். அந்த நஞ்சால் ஈரல் கெட்டு இறந்தவர்களும் உண்டு. இந்த அவசரத்தில் தரம் குறைந்தது. போதாக்குறைக்கு, சேறும் சகதியுமான மண்ணில் குண்டு மெத்தையில் விழுவது போல விழுந்தது. விளைவு: வெடிக்காத குண்டுகள்.

இன்றும் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உழவர்கள் ஏர் ஓட்டும்போது குண்டுகள் மேலே வருகின்றன. இதை 'இரும்பு அறுவடை' என்று சொல்கிறார்கள். பெல்ஜியத்தில் மட்டும் ஆண்டுக்கு 150 முதல் 200 டன் வரை கிடைக்கிறது. உழவர்கள் வயல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தகவல் சொன்னால், ராணுவத்தினர் வந்து எடுத்துச் செல்வார்கள். பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதற்கென்று தனித் துறையே அமைத்தார்கள். அன்றிலிருந்து அத்துறையைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்டோர் இப்பணியில் உயிரிழந்திருக்கிறார்கள்.

குண்டின் ஜாதகத்தைப் படிப்பது எப்படி?

ஒரு பீரங்கிக் குண்டில் மூன்று இடங்களைப் பார்த்தால் அதன் கதை தெரிந்துவிடும். பித்தளைக் கூடு, செம்புப் பட்டை, மூக்கு.

முதலில் கூடு. குண்டை உந்தித் தள்ளும் மருந்து இருந்த பித்தளைக் கூடு சுட்ட பிறகு பீரங்கிக்கு அருகிலேயே விழுந்துவிடும். அதன் அடித்தட்டில் பீரங்கியின் வகை, ஆலையின் குறி, ஆண்டு முதலியன பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேய அரசின் சொத்து என்றால் கோழிக்கால் போன்ற ஓர் அம்புக் குறி இருக்கும். '75' என்ற எண் பிரெஞ்சுக்காரர்களின் புகழ்பெற்ற 75 மில்லிமீட்டர் பீரங்கியைக் குறிக்கும். இந்தக் கூடுகளில் இலை, பூ, ஊர்ப்பெயர் என்று செதுக்கிப் பூச்சாடிகளாக்கிய போர்வீரர்கள் ஏராளம். இதற்குப் 'பதுங்குகுழிக் கலை' என்றே பெயர். மேலே பூ வேலைப்பாடு, அடியில் ஆலைக் குறி! சேகரிப்பவர் பூச்சாடியைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது செம்புப் பட்டை. குண்டின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்பு வளையம் பதிக்கப்பட்டிருக்கும். பீரங்கிக் குழாயின் உட்புறத்தில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். செம்பு எஃகைவிட மென்மையானது. வளையம் குழாயின் வாயைவிடச் சற்றே பெரியது. எனவே குண்டு பாயும்போது வளையம் அந்தப் பள்ளங்களில் கடித்துக்கொண்டு திரும்பும். குண்டும் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் குப்புறப் புரளாமல் மூக்கை முன்னால் நீட்டியபடி பறக்கும். இந்தப் பயணத்தில் செம்பு வளையத்தின் மீது வரிகள் விழுந்துவிடுகின்றன. ஆகவே வளையம் வழவழப்பாக இருந்தால் அது சுடப்படாத குண்டு. சாய்ந்த வரிகள் இருந்தால் சுடப்பட்ட குண்டு. வரிகளின் எண்ணிக்கையும் சாய்வும் எந்தப் பீரங்கி என்பதையே காட்டிக் கொடுத்துவிடும். நம் கைரேகை போன்றது இது.

மூன்றாவது மூக்கு. இங்கேதான் 'ஃபியூஸ்' என்ற கருவி திருகப்பட்டிருக்கும். இது வீட்டில் மின்சாரப் பலகையில் உள்ள ஃபியூஸ் அன்று. குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வெடிதூண்டி. சில தூண்டிகள் தரையில் மோதியதும் வேலை செய்யும். சில, குறித்த நேரம் கழித்து வானிலேயே வேலை செய்யும்.

இந்த இரண்டாம் வகை எதற்கு? ஹென்றி ஷ்ராப்னல் என்ற ஆங்கிலேயப் பீரங்கிப் படை அதிகாரி 1784இல் ஒரு புது வகைக் குண்டை உருவாக்கினார். உள்ளே நிறைய ஈயக் குண்டுமணிகள். அவை எதிரியின் தலைக்கு மேலே சற்று முன்னதாக வெளிப்பட்டு மழையாகப் பொழிய வேண்டும். முதல் உலகப் போரில் இந்த வகைக் குண்டுகள் லட்சக்கணக்கில் சுடப்பட்டன. நேரம் ஒரு நொடி தவறினாலும் பயனில்லை. எனவே தூண்டியில் எண்கள் பொறித்த ஒரு வளையம் வைத்து, அதற்குள் மெல்ல எரியும் மருந்தை நிரப்பினார்கள். வளையத்தைத் திருப்பி வைக்கும் அளவுக்கு ஏற்ப எரியும் நேரம் கூடும் அல்லது குறையும்.

(1940-41இல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய காலத்தில், காலையில் எழுந்ததும் தெருவில் ஓடி இரும்புச் சிதறல்களைப் பொறுக்குவதும், பள்ளியில் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதும் சிறுவர்களின் விளையாட்டாக இருந்தது. அவற்றை அவர்கள் 'ஷ்ராப்னல்' என்றார்கள். உண்மையில் அவை வேறு வகைக் குண்டுகளின் சிதறல்கள். ஆனாலும் ஷ்ராப்னலின் பெயரே நிலைத்துவிட்டது.)

வயலில் கிடைக்கும் பழைய தூண்டியில், நூறாண்டுக்கு முன் ஒரு வீரன் திருப்பி வைத்த எண் இன்றும் அப்படியே நிற்பது உண்டு. சில ஜெர்மன் தூண்டிகளில் தூரமே மீட்டர் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை ஆரமாகக் கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் வரைந்தால், சுட்ட பீரங்கி அந்த வட்டத்தின் கோட்டுக்கு அருகே எங்கோ நின்றிருக்க வேண்டும்!

தூண்டியின் உலோகமும் பேசும். போரின் தொடக்கத்தில் ஜெர்மன் தூண்டிகள் நல்ல பித்தளையில் செய்யப்பட்டன. பிற்காலத்தவற்றில் இரும்பும் துத்தநாகமும் இடம்பிடித்தன. ஆங்கிலேயக் கடற்படை ஜெர்மனியின் கடல் வாணிகத்தை முற்றுகையிட்டதால் அங்கே செம்புப் பஞ்சம். அந்த வரலாறு ஒரு மூக்குத் திருகில் அடங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். ஆங்கிலேயர்கள் கோடிக்கணக்கில் செய்த 80ஆம் எண் தூண்டியின் மீது 'கே.பி.' என்று தொடங்கும் ஒரு குறி இருக்கும். 'கிரப் பேட்டண்ட்' என்பதன் சுருக்கம் அது. கிரப் யார்? ஜெர்மனியின் மிகப் பெரிய ஆயுத நிறுவனம்! போருக்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்திருந்தது. ஜெர்மன் வீரர்கள் மீது விழுந்த குண்டுகளின் மூக்கில் ஜெர்மன் கம்பெனியின் காப்புரிமைக் குறி! போர் முடிந்ததும் கிரப் தனக்குச் சேர வேண்டிய பணத்தை விக்கர்ஸிடம் கேட்டது. 1926இல்தான் சமரசம் ஏற்பட்டது. இப்படி ஒரு செய்தியைப் பாடப்புத்தகம் சொல்லாமல் விடலாம், பித்தளை மறைக்காது.

செத்ததா, தூங்குகிறதா?

இனித்தான் முக்கியமான செய்தி. செம்புப் பட்டையில் வரிகள் இருக்கின்றன. அதே குண்டின் மூக்கில் தூண்டியும் இருக்கிறது. இதன் பொருள் என்ன? குண்டு சுடப்பட்டது, பறந்தது, விழுந்தது, ஆனால் வெடிக்கவில்லை. தூண்டி தன் வேலையில் பாதியை முடித்துவிட்டு நின்றுபோயிருக்கிறது. மீதிப் பாதியை எப்போது முடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சேகரிப்புக் கலையில் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. வரிகள் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருப்பதை வெளித்தோற்றம் காட்டாது.

"நூறு ஆண்டு ஆகிவிட்டதே, மருந்து கெட்டுப்போயிருக்காதா?" என்று கேட்கலாம். வேதியியல் வேறு விடை சொல்கிறது. டி.என்.டி. மிக நிலையான பொருள். காற்றும் நீரும் புகாத இரும்புக் கூட்டுக்குள் பல தலைமுறை அப்படியே இருக்கும். பிக்ரிக் அமிலம் இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரர்கள் 'மெலினைட்' என்றும், ஆங்கிலேயர்கள் 'லிடைட்' என்றும் பெயரிட்டுக் குண்டுகளில் நிரப்பியது இதைத்தான். இது ஓர் அமிலம் ஆதலால் உலோகங்களோடு மெல்ல வினைபுரிந்து 'பிக்ரேட்' உப்புகளாக மாறும். இவற்றில் சில, உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும் மூலப்பொருளைவிட எளிதில் வெடிப்பவை. அதாவது வயது ஏற ஏற அந்தக் குண்டுக்குச் சாந்தம் வருவதில்லை, கோபமே கூடுகிறது.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சேகரிப்பாளர், 1861-65 உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் தம் வீட்டு வளாகத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் புதியவர் அல்லர். நூற்றுக்கணக்கான குண்டுகளைக் கையாண்டு தேர்ந்தவர். அந்தக் குண்டு வெடித்தது, அவர் இறந்தார். அதன் சிதறல் கால் மைல் தள்ளியிருந்த ஒரு வீட்டில் போய் விழுந்தது. 140 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த குண்டு அது! 2014இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்து இரு கட்டடத் தொழிலாளர்கள் மாண்டார்கள். போர் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டு ஆனபோது, அதன் பட்டியலில் மேலும் இரு பெயர்கள்.

எண்ணுக்கு விலை உயிர்

குண்டுகளை இனம் காணும் அறிவு வெறும் பொழுதுபோக்காக வளர்ந்தது அன்று. அதற்குப் பலர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

1940இல் பிரிட்டன் மீது ஜெர்மானியர்கள் வீசிய விமானக் குண்டுகளில் மின்சாரத் தூண்டிகள் இருந்தன. அவற்றின் தலையில் ஒரு வட்டத்துக்குள் ஓர் எண் பொறித்திருக்கும். 15 என்றால் மோதியதும் வெடிப்பது. 17 என்றால் உள்ளே கடிகாரம் ஓடுகிறது. மூன்று நாள் வரைகூடக் காத்திருந்து வெடிக்கும். 50 என்றால் அசைத்தாலே வெடிக்கும். குண்டை அகற்ற வருபவரைக் கொல்வதற்கென்றே வைத்தது. இந்த எண்களின் பொருளை ஜெர்மானியர் சொல்லித் தரவில்லை. வெடிக்காத குண்டுகளின் அருகே மண்டியிட்டு அமர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து எழுதி வைத்தார்கள். சிலருக்கு எழுதி வைக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

அவர்களுள் சஃபோக் பிரபு சார்ல்ஸ் ஹோவர்டு புகழ் பெற்றவர். 1940 ஜூனில், பிரான்சு வீழ்ந்தபோது, அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கன நீரைப் பத்திரமாக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் இவரே. பிறகு புது வகைத் தூண்டிகளை ஆராய்வதில் இறங்கினார். இவரும், குறிப்பெழுதிய செயலாளர் பெண்மணியும், காரோட்டியும் எப்போதும் ஒன்றாகவே போவார்கள். 1941 மே 12ஆம் நாள் எரித் சதுப்பு நிலத்தில் ஒரு குண்டு வெடித்தது. மூவரும் ஒன்றாகவே மறைந்தார்கள். சஃபோக் பிரபுவுக்கு அவர் இறந்தபின் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது.

இன்றும் இனம் காணும் பணி நடக்கிறது. முதல் உலகப் போரில் நச்சுப்பொருள் நிரப்பிய குண்டுகளுக்கு ஜெர்மானியர் பச்சை, மஞ்சள், நீல நிறச் சிலுவைக் குறிகள் இட்டிருந்தார்கள். மஞ்சள் என்றால் தோலைக் கொப்பளிக்க வைக்கும் கடுகு வாயு. நூறாண்டு மண்ணில் கிடந்ததில் வர்ணம் போய்விட்டது, நஞ்சு போகவில்லை. பெல்ஜியத்தின் பூல்கப்பெல் என்ற ஊரில் ராணுவ வல்லுநர்கள் சந்தேகத்துக்குரிய குண்டை எக்ஸ் கதிரால் படம் எடுக்கிறார்கள். உள்ளே திரவம் இருந்தால், குண்டைச் சாய்த்து வைத்தாலும் திரவத்தின் மட்டம் கிடைக்கோடாகவே தெரியும். குவளையைச் சாய்த்தால் தண்ணீர் மட்டம் சாயாதல்லவா? அதே தத்துவம்தான். நீலச் சிலுவைக் குண்டாக இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடிப் புட்டி தெரியும். பழைய சேகரிப்புகளும், குறுக்கே வெட்டி வைத்த மாதிரிக் குண்டுகளும் இங்கே கைகொடுக்கின்றன. எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியவருக்குத்தானே எக்ஸ் கதிர்ப் படம் புரியும்!

நாம் நினைவில் வைக்க வேண்டியது

நேர்மையான சேகரிப்பாளர் நிலத்தைத் தோண்டிக் குண்டு எடுப்பதில்லை. தொழிற்சாலையிலேயே மருந்தின்றிச் செய்த பயிற்சிக் குண்டு, ராணுவ வல்லுநர்கள் திறந்து காலியாக்கிச் சான்றளித்த கூடு, குறுக்கே வெட்டி உள்ளமைப்பைக் காட்டும் மாதிரி ஆகியவற்றையே அவர் நாடுவார். 'இது செத்த குண்டு' என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் சொல் அன்று. நிரூபித்துச் சொல்ல வேண்டிய முடிவு.

இது ஐரோப்பாவின் கதை மட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது. 2004இல் தில்லிக்கு அருகே காஜியாபாத் பகுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது காயலான் கடைச் சரக்காகத்தான் தெரிந்திருக்கும். இலங்கையின் வடக்கே, 2009இல் போர் முடிந்த பின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்வதாக அமையவில்லை.

ஆகவே மாணவர்களே, வயலிலோ கடற்கரையிலோ பழைய இரும்புக் குவியலிலோ குண்டு போன்ற பொருளைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். விலகி வந்து, மற்றவர்களையும் விலக்கி, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நம் நாட்டில் அனுமதியின்றி வெடிகுண்டுகளை வைத்திருப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆனால் அருங்காட்சியகத்துக்குத் தாராளமாகச் செல்லுங்கள். அடுத்த முறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குண்டைப் பார்த்தால் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடாதீர்கள். செம்புப் பட்டையில் வரிகள் உண்டா என்று பாருங்கள். மூக்கில் எண் உண்டா என்று பாருங்கள். அதை வார்த்த கை, சுட்ட கை, அதை ஆபத்தின்றி உங்கள் கண்முன் கொண்டுவந்து வைத்த கை ஆகிய மூன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த மூன்றாவது கைக்கு உரியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.